பழைய இரும்புச் சைக்கிளுக்கு மாற்று ஃபோர்க்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தகப்பனார் 1960களில் வாங்கிய இங்கிலாந்துத் தயாரிப்பு றலி சைக்கிள் எங்கள் வீட்டில் இன்றும் ஓட்டத்தில் இருக்கிறது. 28 அங்குலச் சில்லு, கம்பி பிறேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இழுபடுவது), உயரமான 24 அங்குல பிரேம். சென்ற மாதம் மதகுச் சுவரில் மோதியதில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பின்னோக்கி வளைந்துவிட்டது. நிமிர்த்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டும் என்கிறார் இன்னொருவர். 28 அளவு ஃபோர்க் என்று கேட்டுக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிவந்தேன். அதன் தண்டு பிரேமின் உள்ளே நுழைகிறது, ஆனால் சைக்கிளின் பழைய நட்டு அதில் இரண்டு சுற்றுக்கு மேல் இறங்க மறுக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும், ஐயா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முதலில் அந்த நட்டை மேற்கொண்டு திருகாதீர்கள். எண்ணெய் விட்டுப் பார்ப்பது, பெரிய ஸ்பேனர் போட்டு அழுத்துவது எதுவும் வேண்டாம். அது துருவினாலோ தூசியினாலோ நிற்கவில்லை. உங்கள் சைக்கிளின் நட்டில் ஓர் அங்குலத்துக்கு 26 மரைகள் இருக்கும், நீங்கள் வாங்கிவந்த ஃபோர்க்கில் பெரும்பாலும் 24 மரைகள் இருக்கும். தண்டின் குறுக்களவு இரண்டிலும் ஓர் அங்குலமே என்பதால் முதல் இரண்டு சுற்று ஏமாற்றி ஏறிவிடும், அதன்பின் மரைப் பற்கள் ஒன்றோடொன்று விலகி இறுகிக்கொள்ளும். பலத்தைக் காட்டினால் புதிய ஃபோர்க்கின் மரையும் போகும், இனி எளிதில் கிடைக்காத உங்கள் பழைய நட்டின் மரையும் போகும்.

நாட்டிங்காமிலிருந்த றலி தொழிற்சாலை தன் சைக்கிளுக்கு வேண்டிய உறுப்புகளில் பெரும்பாலானவற்றைத் தானே செய்துகொண்டது. அதனால் மற்றவர்கள் 24 மரைக்குப் போன பிறகும் அது தன் 26 மரையை நெடுங்காலம் விடவில்லை. இதை நீங்கள் வீட்டிலேயே சரிபார்க்கலாம். தண்டின் மரையை மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஓர் எஃகு அளவுகோலை மரையின் மேல் நீளவாக்கில் வைத்து, பூதக்கண்ணாடியின் உதவியோடு இருபது பற்களை எண்ணுங்கள். அந்த இருபதும் 21 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டினால் அது 24 மரை, 19 மில்லிமீட்டரைத் தாண்டி அரையில் நின்றால் 26 மரை. ஐந்தாறு பற்களை மட்டும் எண்ணி முடிவுக்கு வராதீர்கள், அந்தக் குறுகிய தூரத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

மாற்று ஃபோர்க்கைத் தேடிப் புறப்படுமுன் பிரேமைப் பாருங்கள். சுவரில் மோதிய வேகம் ஃபோர்க்கோடு நின்றுவிட்டதா, பிரேமுக்கும் ஏறிவிட்டதா என்று தெரியாமல் ஒரு காசும் செலவிட வேண்டாம். ஃபோர்க் தண்டு நுழையும் தலைக்குழாயிலிருந்து இரண்டு குழாய்கள் பின்னோக்கிச் செல்கின்றன அல்லவா? அவை இரண்டின் அடிப்பக்கத்தையும், தலைக்குழாயிலிருந்து நான்கு விரற்கடை தூரம் வரை, ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நல்ல குழாயில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். குழாய் மடிந்திருந்தால் பெயின்ட் சேலைக் கொசுவம் போல நுண்ணிய வரிகளாகச் சுருங்கியிருக்கும், நகம் அதில் தட்டித் தட்டிச் செல்லும், சில இடங்களில் பெயின்ட் செதிலாகப் பெயர்ந்து உள்ளே செந்துரு தெரியும். அப்படி இருந்தால் ஃபோர்க்கை மாற்றுவதால் மட்டும் அந்தச் சைக்கிள் பத்திரமாகிவிடாது. பிரேமை அறிந்தவரிடம் காட்டிய பிறகே மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

நிமிர்த்துவதைப் பற்றி நேராகவே சொல்கிறேன்: உங்கள் ஃபோர்க்கை நிமிர்த்த வேண்டாம். பக்கவாட்டில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், தலைக்குழாயின் கோட்டிலேயே ஃபோர்க் காலின் மேற்பாதி நேராக இறங்கி, கீழ்ப்பாதியில்தான் முன்னோக்கி வளைய வேண்டும். சுவரில் மோதிய ஃபோர்க் பெரும்பாலும் இரண்டு கால்களும் தண்டோடு சேரும் தோளுக்குக் கீழேயே பின்னோக்கி மடிந்திருக்கும். மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதிகமாகச் சுமை தாங்குவது அந்த இடம்தான். அதை ஒருமுறை மடித்து, மறுபடி எதிர்த்திசையில் மடித்தால் இரும்பு களைத்துப்போகும். சூடு காட்டி நிமிர்த்தினால் தோளிலுள்ள பித்தளைப் பற்றும் தளரும். கால்களின் நுனி வளைவில் மட்டும் சிறிது கோணல் இருந்தால், சூடு காட்டாமல், ஒரே ஒருமுறை, அளந்து நிமிர்த்தித் தரும் கைதேர்ந்தவர்கள் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முன் ஃபோர்க் முறியும்போது முன்னறிவிப்பு தராது. ஓட்டுபவர் முகத்தின் மேல் விழுவார். தகப்பனாரின் சைக்கிள் என்பதற்காகவே நீங்கள் அதைப் பத்திரமாக ஓட்ட வேண்டும்.

இனித் தேட வேண்டியது என்ன என்பதற்கு வருவோம். கடைக்காரரிடம் 28 அளவு என்று மட்டும் சொன்னால் அவர் சக்கரத்தின் அளவை மட்டுமே தெரிந்துகொள்கிறார். பழைய ஃபோர்க்கைக் கழற்றி, சுத்தம் செய்து, அதன் அளவுகளை ஒரு தாளில் எழுதி, முடிந்தால் அந்த ஃபோர்க்கையே கையில் எடுத்துக்கொண்டு செல்லுங்கள். வளைந்துபோனது என்று பழைய ஃபோர்க்கை இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள், வேலை முடியும் வரை உங்களுக்கு அதுதான் அளவுச்சீட்டு.

முதல் அளவு தண்டின் நீளம். தோளின் மேல் கீழ்க் கோன் (குண்டுகள் உருளும் அடி வளையம்) உட்காரும் படியிலிருந்து தண்டின் உச்சி வரை அளக்க வேண்டும். இதில்தான் உங்களுக்குச் சிரமம் இருக்கிறது. 24 அங்குல பிரேமின் தலைக்குழாய் உயரமானது, ஆகையால் தண்டும் நீளமானது. 22 அங்குல பிரேமிலிருந்து கழற்றிய ஃபோர்க் பத்து கிடைத்தாலும் ஒன்றும் உங்களுக்கு எட்டாது. நீளமான தண்டைக் குறைக்க வழியுண்டு, குட்டையானதை நீட்ட வழியில்லை. இரண்டு தண்டுகளை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

இரண்டாவது, கீழ்க் கோன் உட்காரும் படியின் குறுக்களவு. வெர்னியர் அளவுகோலால் அளந்தால் பழைய ஆங்கிலேயச் சைக்கிள்களில் 26.4 மில்லிமீட்டர் இருக்கும், ஜப்பானிய முறைப்படி செய்தவற்றில் 27.0 இருக்கும். அரை மில்லிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். படி பெரிதாக இருந்தால் கோன் ஏறாது, ஓங்கி அடித்தால் வெடிக்கும். படி சிறிதாக இருந்தால் கோன் தளர்வாக ஆடி, நீங்கள் எத்தனை முறை இறுக்கினாலும் ஹேண்டில் ‘கடகட’வென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, கால் முனைகளின் இடைவெளி. பழைய றலியில் அது 90 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், இன்றைய ஃபோர்க்குகளில் 100 மில்லிமீட்டர். பழைய ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சு) 5/16 அங்குலத் தடிமன், அதாவது 8 மில்லிமீட்டருக்கும் ஒரு நூலிழை குறைவு. இன்றைய ஃபோர்க் முனையின் பிளவோ 9 மில்லிமீட்டர் ஆக்ஸிலுக்காக வெட்டப்பட்டது. இந்த இரண்டு வேறுபாடுகளும் தீர்க்கக்கூடியவை. ஆக்ஸிலின் இருபுறமும் சமமாக வாஷர் சேர்த்து இடைவெளியை நிரப்பலாம், பிளவில் சக்கரத்தை நடுவில் நிறுத்தி நட்டை இறுக்கலாம். மற்ற அளவுகள் எல்லாம் சரியாக இருந்து இவை மட்டும் மாறினால் அந்த ஃபோர்க்கை வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை.

எங்கே தேடுவது? யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். எரிபொருள் கிடைக்காத போர்க்காலம் முழுவதும் ஊரைச் சுமந்தவை சைக்கிள்கள்தாம், பழைய றலியை இத்தனை பற்றோடு வைத்திருக்கும் ஊர்கள் அதிகமில்லை. பிரேம் முறிந்தோ துருவேறியோ மூலையில் சாத்தப்பட்ட ஒரு 24 அங்குல றலியைத் தேடி, முழுச் சைக்கிளாகவே வாங்கிவிடுங்கள். ஃபோர்க்கோடு அதே மரையுள்ள நட்டும், குண்டுகள் உட்காரும் கப்பும், கோனும் சேர்ந்து கிடைக்கும். றலி என்ற பெயர் மட்டும்தான் வேண்டும் என்றும் இல்லை. ஹம்பர் 1932-லும் ரட்ஜ் 1943-லும் றலியோடு சேர்ந்துவிட்டன, ஆகவே இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஹம்பரும் ரட்ஜும் அதே நாட்டிங்காம் பட்டறையின் பிள்ளைகள்தாம். ஹம்பரில் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாயாக இருக்கும் ஃபோர்க் ஒன்று உண்டு. பார்க்க அழகானது, ஆனால் உங்கள் கம்பி பிறேக்கின் வழிகாட்டிப் பிடிகளை அதில் மாட்டுவது கடினம், ஆகவே அதைத் தவிர்க்கலாம். எதுவாயினும் மரையை எண்ணாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அப்படி ஒன்றும் கிடைக்காவிட்டால், வாங்கிவந்த புதிய ஃபோர்க்கையே பயன்படுத்த ஒரு நேர்மையான வழி உண்டு. அதற்குரிய 24 மரை நட்டு, மேல் கப், கோன், குண்டுகள் அனைத்தையும் ஒரே தொகுதியாகப் புதிதாக வாங்கி, பிரேமின் பழைய கப்புகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை இறக்க வேண்டும். பழைய றலியின் தலைக்குழாய் 30.2 மில்லிமீட்டர் கப்பை ஏற்கும் என்பதால் இது பொதுவாக நடக்கும், ஆனாலும் புதிய கப்பை வெர்னியரால் அளந்துவிட்டே இறக்குங்கள். பாதி பழையது பாதி புதியது என்று கலக்கக் கூடாது. குண்டின் பருமனும் கப்பின் குழிவும் ஒத்துப்போகாமல் சில மாதங்களில் ஹேண்டில் நேர் நிலையில் பள்ளத்தில் விழுந்ததுபோலச் சிக்கிக்கொள்ளத் தொடங்கும். பழைய தொகுதியை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டால், உரிய ஃபோர்க் கிடைக்கும் நாளில் சைக்கிளைப் பழைய நிலைக்கே கொண்டுவரலாம்.

ஒன்றை மட்டும் செய்ய விடாதீர்கள். 24 மரையின் மேலேயே 26 மரை டையை (மரை வெட்டும் கருவியை) ஓட்டித் தருகிறேன் என்று லேத் பட்டறையில் சொல்வார்கள். அப்படி ஓட்டினால் இரண்டு மரைகளும் ஒன்றையொன்று அறுத்துத் தண்டைத் தூளாக்கும். தண்டு மிக நீளமாக இருந்து, 24 மரையுள்ள பகுதி முழுவதையும் வெட்டியெறிந்த பிறகும் உங்களுக்கு வேண்டிய நீளம் மரையில்லாத மொழுக்கைத் தண்டாக மிஞ்சுமானால், அந்த மொழுக்கைப் பகுதியில் லேத்தில் 26 மரை வெட்டிக்கொள்ளலாம், அது நல்ல வேலை.

கேள்வி: எங்களிடம் அம்பத்தூரில் தயாரான பழைய ஹெர்குலிஸ், 28 அங்குலச் சக்கரம், உள்ளது. ஃபோர்க் துருப்பிடித்ததால் கடையில் புதிய வகை ஸ்போர்ட்ஸ் சைக்கிளின் ஃபோர்க் ஒன்றைப் போட்டுத் தந்தார்கள். மரை, தண்டு எல்லாம் பொருந்திவிட்டன. ஆனால் அன்றிலிருந்து சைக்கிள் வேறு சைக்கிளாகிவிட்டது. மெதுவாகப் போகும்போது ஹேண்டில் கனக்கிறது, திருப்பினால் தானாக மடங்குகிறது, சந்தில் வளைக்கும்போது என் செருப்பு நுனி மட்கார்டில் இடிக்கிறது. கடைக்காரர் பழகிவிடும் என்கிறார். உண்மையா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பழகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் பழகிக்கொள்ள வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. உங்கள் கைக்குத் தெரிந்த மாற்றம் மனப்பிரமை அல்ல, அளந்து காட்டக்கூடிய மாற்றம்.

அம்பத்தூர்த் தொழிற்சாலையை நடத்திய நிறுவனம் 1949-இல் தொடங்கப்பட்டது, ஹெர்குலிஸ் என்ற பெயரோ 1910 முதல் பர்மிங்காமில் இருந்தது. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் உருவம் ‘ரோட்ஸ்டர்’ என்ற ஆங்கிலேயச் சாலைச் சைக்கிளின் உருவம். தலைக்குழாய் நன்றாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், அதற்கு ஈடாக ஃபோர்க் கால்கள் நன்றாக முன்னோக்கி வளைந்திருக்கும். சாய்வும் வளைவும் ஒன்றையொன்று சமன்செய்யும் இரட்டையர். இன்றைய ஸ்போர்ட்ஸ் சைக்கிளில் தலைக்குழாய் நிமிர்ந்து நிற்கிறது, அதற்கேற்ப ஃபோர்க்கும் குறைவாகவே வளைந்திருக்கிறது. உங்களுக்கு நேர்ந்தது, பழைய சாய்வோடு புதிய வளைவைச் சேர்த்துவிட்டதுதான்.

தலைக்குழாயின் நடுக்கோட்டை அப்படியே கீழே தரை வரை நீட்டினால் அது ஓரிடத்தில் தரையைத் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை ட்ரெயில் என்பார்கள். மேசையின் உருளைச் சக்கரம் இழுத்த திசையில் தானே பின்தொடர்ந்து வருவதுபோல, முன்சக்கரம் நேராக ஓடுவதற்கும் ஹேண்டில் கனமாகவோ லேசாகவோ இருப்பதற்கும் இந்தத் தூரம் முக்கியக் காரணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயரோடு சேர்த்து முன்சக்கரத்தின் ஆரம் 355 மில்லிமீட்டர், தலைக்குழாயின் சாய்வு 67 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க்கின் முன்வளைவு 76 மில்லிமீட்டராக இருந்தால் ட்ரெயில் ஏறத்தாழ 68 மில்லிமீட்டர் வரும். அதே சைக்கிளில் 45 மில்லிமீட்டர் முன்வளைவுள்ள ஃபோர்க்கைப் போட்டால் ட்ரெயில் 102 மில்லிமீட்டராக ஏறிவிடும். மெதுவாகப் போகையில் கனப்பதும், திருப்பினால் மடங்குவதும் இதனால்தான். அதோடு சக்கரமும் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வந்துவிட்டது, மட்கார்டு உங்கள் செருப்பைத் தொடுவதற்குக் காரணம் அதுவே. இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்று.

முன்வளைவை வீட்டில் அளப்பது எளிது. ஃபோர்க்கைக் கழற்றி, கால்களின் வளைவு மேல்நோக்கி இருக்குமாறு சமமான மேசையில் படுக்க வையுங்கள். தண்டின் அடியில், தோளருகே ஒன்றும் உச்சியருகே ஒன்றுமாக ஒரே உயரமுள்ள இரண்டு மரக்கட்டைகளைக் கொடுத்தால் தண்டு மேசைக்கு இணையாக நிற்கும். இப்போது மேசையிலிருந்து தண்டின் நடுக்கோடு எவ்வளவு உயரம் என்றும், ஆக்ஸில் உட்காரும் பிளவின் நடு எவ்வளவு உயரம் என்றும் அளந்து, இரண்டின் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசமே முன்வளைவு. துருப்பிடித்த உங்கள் பழைய ஃபோர்க் இன்னும் வீட்டில் இருந்தால் அதையும் இவ்வாறே அளந்து பாருங்கள், இரண்டு எண்களையும் அருகருகே எழுதியதும் கடைக்காரருக்கும் விஷயம் விளங்கிவிடும்.

அளக்கும்போதே, கோன் படியிலிருந்து ஆக்ஸில் நடு வரையுள்ள உயரத்தையும் பார்த்துவிடுங்கள். தண்டின் திசையிலேயே அளக்க வேண்டும். மாற்று ஃபோர்க் 10 மில்லிமீட்டர் உயரமாக இருந்தால் தலைக்குழாய் ஏறத்தாழ அரைப் பாகை மேலும் சாயும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டை நான் பொருட்படுத்த மாட்டேன். உங்கள் சைக்கிளில் கம்பி பிரேக் இருப்பதால் இன்னொரு காரணமும் உண்டு. பிரேக் கட்டை ரிம்மின் உட்புறத்தைக் கீழிருந்து மேலாக இழுத்துப் பிடிக்கிறது, உயரம் சிறிது மாறினால் கம்பியின் நட்டில் சரிசெய்துகொள்ளலாம், அதிகம் மாறினால் கம்பி எட்டாது.

மாற்று ஃபோர்க் உங்களுக்குக் கிடைக்காமல் போகாது. பெரிய சைக்கிளுக்கான 28 அங்குல ஃபோர்க்கை லூதியானாவில் இன்றும் செய்கிறார்கள், மாவட்டத் தலைநகரங்களின் பழைய சைக்கிள் உதிரிபாகக் கடைகளிலும் சென்னை ரத்தன் பஜார் பக்கமும் விசாரிக்கலாம். ஸ்போர்ட்ஸ் ஃபோர்க் வேண்டாம், பெரிய சைக்கிள் ஃபோர்க் என்று கேளுங்கள். பாரவண்டிக்காக ஆக்ஸிலிலிருந்து மேலே இரண்டு துணைக் கம்பிகள் வைத்த வகையைக் காட்டினால், நெல் மூட்டையோ பால் கேனோ ஏற்றும் பழக்கம் இருந்தால் மட்டும் எடுங்கள். மற்றவர்களுக்கு அது தேவையற்ற எடை.

கேள்வி: கிடைத்த ஃபோர்க்கின் தண்டு 2 சென்டிமீட்டர் நீளம் அதிகம். வாஷர்களை அடுக்கி நட்டைப் பூட்டிவிடலாம் என்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மூன்று நான்கு மில்லிமீட்டர் என்றால் ஒரு நல்ல வாஷரைப் போட்டு முடித்துவிடலாம். 2 சென்டிமீட்டருக்கு வாஷர் அடுக்குவது பார்க்கவும் நன்றாக இராது, பாதுகாப்பும் குறையும். ஹேண்டில் தண்டின் அடியில் ஒரு கூம்பு இருக்கிறது, மேல் போல்ட்டை இறுக்கும்போது அது விரிந்து ஃபோர்க் தண்டின் உட்சுவரை அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தம் மரை வெட்டாத, முழுத் தடிமனுள்ள பகுதியில் விழ வேண்டும். ஃபோர்க் தண்டு வெளியே 2 சென்டிமீட்டர் எழுந்து நின்றால் ஹேண்டில் தண்டும் அவ்வளவு மேலேறிவிடும், கூம்பு மரைப் பகுதிக்குள் விரியும். மரை வெட்டிய இடத்தில் தண்டு மெலிந்தது, அங்கே புடைத்து விரிசல் விட்டால் ஹேண்டில் கையோடு வந்துவிடும்.

ஆகவே வெட்டிவிடுங்கள். வெட்டுமுன் மரை எதுவரை இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்: உச்சியில் 2 சென்டிமீட்டரை எடுத்த பிறகும் மேல் கப் முழுமையாக இறங்குவதற்கு மரை மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் லேத்தில் அதே எண்ணிக்கையுள்ள டையால் மரையைக் கீழே நீட்டச் சொல்ல வேண்டும். அடுத்து, ஹேண்டில் தண்டை உள்ளே இறக்கிப் பாருங்கள். சில ஃபோர்க் தண்டுகள் அடிப்பகுதியில் உட்புறம் தடித்திருக்கும், நிறைய வெட்டினால் 22.2 மில்லிமீட்டர் ஹேண்டில் தண்டு போதிய ஆழம் இறங்காமல் நடுவில் தட்டும். இரண்டும் சரியென்றால், வெட்ட வேண்டிய கோட்டுக்குக் கீழே இரண்டு நட்டுகளைத் திருகி ஒன்றோடொன்று நெருக்கி இறுக்கிவிட்டு, மேல் நட்டின் விளிம்பையே வழிகாட்டியாக வைத்து ஹேக்சா பிளேடால் அறுங்கள். அறுவை நேராக வரும். அரத்தால் விளிம்பைத் தேய்த்தபின் அந்த நட்டுகளைக் கழற்றும்போது, அறுத்ததில் நசுங்கிய முதல் மரையை அவையே திருத்திக்கொண்டு வெளியே வரும்.

கேள்வி: ஃபோர்க் தோளில் தலைமுடி அளவு விரிசல் தெரிகிறது. கேஸ் வெல்டிங் வைத்தால் போதாதா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: போதாது. தயவுசெய்து அந்தச் சைக்கிளை இன்று முதல் ஓட்டாதீர்கள். வெளியே தலைமுடி அளவு தெரியும் விரிசல் உள்ளே எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. பற்றவைத்தால் விரிசலின் வாய் மூடும், அதன் அருகிலுள்ள இரும்போ சூட்டில் குணம் மாறி அடுத்த விரிசலுக்கு இடம் கொடுக்கும். கேரியரோ மட்கார்டோ முறிந்தால் பற்றவைத்துக்கொள்ளலாம், முன் ஃபோர்க்கில் அந்தச் சிக்கனம் கூடாது.

கேள்வி: மாற்று ஃபோர்க் தேடுவதோடு கம்பி பிரேக்கையும் எடுத்துவிட்டு, கேபிள் பிரேக் உள்ள ஃபோர்க்காகப் போட்டுவிடலாமா? 26 அங்குல ஃபோர்க் எளிதாகக் கிடைக்கிறது.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: 28 அங்குலச் சக்கரத்தை வைத்துக்கொண்டு 26 அங்குல ஃபோர்க்கைப் போட முடியாது. 28 × 1½ ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் குறுக்களவு 635 மில்லிமீட்டர், 26 × 1⅜ ரிம்மில் 590. அதாவது ஆரத்தில் 22 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம், உங்கள் டயர் தோளில் முட்டும். சக்கரத்தையும் சேர்த்து மாற்றினால் முன்பக்கம் தாழ்ந்து, தஞ்சாவூர் வாசகருக்குச் சொன்ன சாய்வுக் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

28 அங்குல ஃபோர்க்கின் தோளிலேயே பிரேக் துளை உள்ளதாகத் தேடினாலும் இன்னொரு தடை இருக்கிறது. கம்பி பிரேக்குக்கான ரிம்மின் பக்கங்கள் உருண்டவை. கேபிள் பிரேக்கின் கட்டை ரிம்மின் பக்கச் சுவரை இடுக்கிப் பிடிப்பது, அதற்குத் தட்டையான பக்கம் வேண்டும். உருண்ட ரிம்மில் கட்டை ஓரமாகத் தேய்ந்து, மழையில் பிடிக்கவே பிடிக்காது. என் கருத்தில் நன்றாகச் சரிசெய்த கம்பி பிரேக்கை வைத்துக்கொள்வதே மேல். கட்டைகளை மாற்றி, கம்பிகளின் இணைப்புகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வழிகாட்டிப் பிடிகளைப் புதிய ஃபோர்க்கின் கால்களில் நேராகப் பொருத்தினால் அதற்குரிய வேகத்துக்கு அது போதுமானது.

கேள்வி: உரிய ஃபோர்க் கிடைத்துப் போட்டும் ஆயிற்று. ஆனால் சக்கரம் இரு கால்களுக்கும் நடுவில் நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்குகிறது. கடையில் ஃபோர்க் கோணல் என்கிறார்கள், விற்றவர் சக்கரம் கோணல் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், மட்டக்களப்பு

பதில்: இதைத் தீர்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி, இடம் வலம் மாற்றித் திருப்பி மாட்டுங்கள். ஆக்ஸில் இரண்டு பிளவுகளிலும் அடிவரை உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நட்டை இறுக்குங்கள். இப்போதும் சக்கரம் இடப்பக்கமே ஒதுங்கினால் குறை ஃபோர்க்கில். இப்போது வலப்பக்கம் ஒதுங்கினால் குறை சக்கரத்தில், ஸ்போக்ஸ் கம்பிகளை ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் இறுக்கி ரிம்மை நடுவுக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

ஃபோர்க்கில்தான் குறை என்றால் அதைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் படுக்க வைத்துப் பாருங்கள். தோளின் இரு பக்கமும் கண்ணாடியைத் தொடும்போது கால் முனைகளில் ஒன்று எழும்பி நின்றால் ஒரு கால் மற்றதைவிட முன்னால் வளைந்திருக்கிறது என்று பொருள். முனைகள் இரண்டும் சமமாக இருந்து சக்கரம் மட்டும் ஒதுங்கினால், ஒரு காலின் பிளவு ஆழம் குறைவாக வெட்டப்பட்டிருக்கும், அல்லது உள்ளே பெயின்ட் தடித்து உறைந்திருக்கும். இதை முதலில் பாருங்கள். புதிய ஃபோர்க்குகளில் பிளவுக்குள் பெயின்ட் கட்டியாக நிற்பது வழக்கம். கத்தி முனையால் அதைச் சுரண்டி எடுத்ததுமே சக்கரம் நடுவுக்கு வந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதன்பிறகும் ஒதுங்கினால், எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதே பக்கத்துப் பிளவின் அடியை வட்ட அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி இரண்டு இழுப்பு என்று சிறிது சிறிதாகச் செல்லுங்கள். கால் முனையில் ஒரு மில்லிமீட்டர் ஆழப்படுத்தினால் தோளருகே ரிம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நகரும்.